உடம்பின் சைகைக்குக் காத்திருக்கும் மருந்து

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கிளினிக் காட்டிவிட்டு வருபவர்களின் மருந்துப் பையில் ஓமிப்ரசோல் இருப்பது சாதாரணம். காஸ்ரைட்டிஸுக்குக் காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்வார்களே, அந்தக் கப்சியூல்தான். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு மில்லிமீற்றர் அளவான சின்ன மணிகள் கிடக்கும். விழுங்கக் கஷ்டப்படும் வயதானவர்களுக்காகச் சில வீடுகளில் இந்த மணிகளை நசுக்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஓமிப்ரசோல் அமிலத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துபோகிற மருந்து. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போகும்வரை அதைக் காப்பது மணியைச் சுற்றியிருக்கும் மெல்லிய பூச்சு மட்டும்தான்.

அந்தப் பூச்சு ஒரு பொலிமர். பள்ளிக்கூடத்தில் பல்பகுதியம் என்று படித்திருப்பீர்கள். 1950களில் ஜெர்மனியின் ரோம் நிறுவனம் யூட்ராஜிட் என்ற பெயரில் கொண்டுவந்த பொலிமர்கள் இந்த வேலைக்கு உலகமெங்கும் பயன்படுகின்றன. நீளமான சங்கிலி மூலக்கூறு, அதன் பக்கங்களில் வரிசையாக அமில முனைகள். இரைப்பையின் கடும் அமிலத்தில் இந்த முனைகள் ஐதரசனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது அவற்றில் மின்னேற்றம் இல்லை, சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், தண்ணீர் உள்ளே போகாது. குடலுக்கு வந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பீஎச் பெறுமானம் (அது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5ஐத் தாண்டியதும் முனைகள் ஐதரசனை விட்டுவிடும். எல்லா முனைகளிலும் மறை ஏற்றம் வரும், சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளும், பூச்சு கரையும். உயர்தர மாணவர்கள் இதை மேசையிலேயே செய்து பார்க்கலாம். சில மணிகளைத் தேசிக்காய்ச் சாற்றிலும் சிலவற்றை அப்பச்சோடாத் தண்ணீரிலும் போட்டு வையுங்கள். சாற்றில் கிடப்பவை மணியாகவே கிடக்கும், அப்பச்சோடாவில் பூச்சுக் கரைந்துவிடும். சில மணிகளை நசுக்கிச் சாற்றில் போட்டால் மருந்து சிதைந்து நிறம் மாறுவதும் தெரியும்.

சூழலைப் பார்த்து நடந்துகொள்ளும் இதே வகைப் பொலிமர்களை நனோ அளவு, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய, துகள்களாக்கி, உள்ளே மருந்தை அடைத்து, ஊசி மூலம் குருதியில் விட்டால் என்ன? போக வேண்டிய இடம் வரும்வரை மூடியிருந்து, அங்கே போனதும் திறந்தால்? ‘புற்றுநோய்க் கலத்தை மட்டும் தாக்கும் நனோ மருந்து கண்டுபிடிப்பு’ என்று ஃபேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் சுற்றுகிற செய்திகள் பலவற்றின் பின்னால் இருப்பது இந்த யோசனைதான். பல பத்தாண்டுகளாக உலகமெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவை மிகக் கொஞ்சம். ஏன் என்று கேட்டால் பொலிமரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இரசாயனவியலாளர்கள் தங்கள் பங்கை அழகாகச் செய்திருக்கிறார்கள். சிக்கல் பெரும்பாலும் உடம்பு கொடுக்கிற சைகையில், அதாவது துகளைத் திறக்கச் சொல்லும் அமிலம் போன்ற மாற்றத்தில், இருக்கிறது. சைகை பலமாக இருந்த இடங்களில் இந்த முறை வென்றிருக்கிறது, மங்கலாக இருந்த இடங்களில் திணறியிருக்கிறது.

அதற்கு முன் நனோ ஏன் என்று பார்த்துவிடுவோம். டொக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து சிவப்பு நிறத்தில் சேலைனோடு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். மார்புப் புற்றுநோய் உட்பட பலவற்றுக்குப் பலமான மருந்து. ஆனால் இதயத் தசையையும் கெடுக்கும். அதனால் ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற எல்லை உண்டு. கட்டிக்குள் அதிகமாகவும் இதயத்துக்குள் குறைவாகவும் போகச் செய்ய ஒரு வழி வேண்டும். 1986இல் ஜப்பானின் மட்சுமுரா, மாயெடா என்ற இருவர் ஒரு விடயத்தைக் காட்டினார்கள். அவசரமாக வளரும் கட்டியில் குருதிக் குழாய்கள் ஒழுங்காகக் கட்டப்படுவதில்லை. சுவரில் இடைவெளிகள் இருக்கும், பெரிய மூலக்கூறுகள் அதனூடாகக் கசிந்து உள்ளே தங்கும். சாதாரண இழையங்களின் குழாய்கள் அப்படி விடாது. ஆக, ஏறத்தாழ 10 முதல் 200 நனோமீற்றர் வரையான துகள் கட்டியில் சேர வாய்ப்பு உண்டு. அதைவிடச் சிறியது சிறுநீரகத்தால் வடிகட்டப்பட்டுவிடும், பெரியது மண்ணீரலிலும் ஈரலிலும் மாட்டிக்கொள்ளும். குருதிச் செங்கலம் ஒன்றின் விட்டத்தில் 100 நனோமீற்றர் துகள்கள் எழுபதுக்கு மேல் வரிசையாக நிற்கலாம். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டொக்ஸில் இந்த வழியில் வந்த முதல் மருந்து. டொக்ஸோரூபிசினைக் கொழுப்பு உறைக்குள் அடைத்து, மேலே பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற பொலிமரைப் போர்த்தியிருந்தார்கள். தென் கொரியாவில் அனுமதி பெற்ற ஜெனெக்சோல்-பீஎம் என்ற புற்றுநோய் மருந்தின் துகள் முழுக்கவே பொலிமர்.

இவை எதுவும் சைகைக்குக் காத்திருப்பவை அல்ல. மெதுவாக விடுவது வேறு, சமயம் பார்த்து விடுவது வேறு. லக்டிக் அமிலமும் கிளைக்கோலிக் அமிலமும் சேர்ந்த பொலிமர் உருண்டையில் மருந்தை வைத்தால், நீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்க, மருந்து வாரக்கணக்கில் கசியும். ஆண்களின் புரொஸ்ரேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு மாதம் ஒரு ஊசியாகப் போடும் லியூப்ரோலைட் 1989 முதல் இப்படித்தான் வருகிறது. அம்பாறை வயல்காரருக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. யூரியாவை ஐதரொக்சிஅபட்டைட் என்ற கல்சியம் கனிமத்தின் நனோத்துகளில் பிடித்து மெதுவாக விடச் செய்த இலங்கை ஆய்வாளர்களின் கட்டுரை 2017இல் வெளியானது. நெல் வயலில் பாதி யூரியாவோடு நல்ல விளைச்சல் கிடைத்ததாக அதில் காட்டியிருந்தார்கள். அதுவும் மெதுவாக விடும் வகைதான். பயிருக்கு இப்போது தேவையா என்று அது பார்ப்பதில்லை.

சரி, உடம்பு என்ன சைகைகளைத் தருகிறது? பீஎச் அளவில் ஒரு அலகு என்றால் அமிலத்தன்மையில் பத்து மடங்கு வித்தியாசம். இரைப்பை 2, குடல் 6 என்று வைத்தால் இடையில் பத்தாயிரம் மடங்கு. ஓமிப்ரசோல் பூச்சு தவறாமல் வேலை செய்வது இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான்.

அடுத்தது கலத்தின் உட்புறம். ஒரு நனோத்துகளைக் கலம் விழுங்கும்போது அதை ஒரு சின்னப் பைக்குள் வைத்துத்தான் உள்ளே எடுக்கும். அந்தப் பையில் அமிலம் ஏறிக்கொண்டே போய் பீஎச் 5 வரை இறங்கும். குருதியில் அது 7.4. வித்தியாசம் ஏறத்தாழ 250 மடங்கு. இதுவும் நல்ல பலமான சைகை. இதை வைத்து வென்ற மருந்தை நம்மில் பலர் கையில் ஏற்றியிருக்கிறோம்: கோவிட் காலத்தில் மூன்றாவது ஊசியாகப் போட்ட ஃபைசர் தடுப்பூசி. அதன் துகள் பொலிமர் அல்ல, கொழுப்பு. ஆனால் தத்துவம் ஒன்றுதான். குருதியின் பீஎச்சில் மின்னேற்றம் இல்லாமல் இருக்கும் கொழுப்பு, பைக்குள் அமிலம் ஏறியதும் நேர் ஏற்றம் எடுத்துப் பையின் சுவரோடு கலந்து, உள்ளே இருக்கும் எம்ஆர்என்ஏயை வெளியே விடுகிறது. இப்படித் தப்பி வருவது சிறு பங்குதான். தடுப்பூசிக்கு அது போதும், ஏனென்றால் மிச்ச வேலையை நோய் எதிர்ப்புச் சக்தி பல மடங்காக்கிச் செய்துவிடும். புற்றுநோய் மருந்துக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு கலத்துக்கும் போதிய மருந்து போயே ஆக வேண்டும். இரண்டும் நனோதானே, ஒன்று முடிந்தால் மற்றதும் முடியாதா என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

கலத்துக்குள் இன்னொரு பலமான சைகையும் உண்டு. குளூட்டாதயோன் என்ற மூலக்கூறு கலத்துக்கு வெளியே குருதியில் இருப்பதைவிட உள்ளே பல நூறு மடங்கு கூடுதலாக இருக்கும். இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்த பிணைப்பை அது வெட்டும். ஆகவே பொலிமர்ச் சங்கிலிகளை அப்படிப்பட்ட பிணைப்புகளால் கோர்த்துவிட்டால், துகள் குருதியில் உறுதியாக இருந்து கலத்துக்குள் போனதும் குலையும். எனக்கு இந்த வழியில்தான் கூடுதல் நம்பிக்கை.

இனி செய்திகளில் அதிகம் அடிபடும் சைகைக்கு வருவோம்: கட்டியின் அமிலத்தன்மை. புற்றுநோய்க் கலங்கள் ஒட்சிசன் இருக்கும்போதும் குளுக்கோசை லக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளுவதை ஒட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். அதனால் கட்டிக்குள் கலங்களுக்கு இடைப்பட்ட திரவம் அமிலச் சார்பானது, பீஎச் 6.5 முதல் 7.0 வரை. 6.8 என்று எடுத்தால் குருதிக்கும் அதற்கும் வித்தியாசம் நான்கே மடங்கு. பத்தாயிரம் எங்கே, நான்கு எங்கே! அதோடு இந்த நான்கு மடங்கு கட்டிக்கு மட்டுமே சொந்தமும் அல்ல. கடுமையாக வேலை செய்த தசையிலும், வீங்கிய மூட்டிலும், குருதி ஓட்டம் குறைந்த இழையத்திலும் அமிலம் கூடும். கட்டிக்குள்ளேயே அமிலம் மிகக் கூடின இடம் குருதிக் குழாய்க்குத் தூரத்தில் இருக்கும். துகளோ குழாயை ஒட்டிய இடத்திலேயே தங்கிவிடுகிறது. நொதியங்களை நம்பும் துகள்களுக்கும் இதே கதிதான். கட்டி சுரக்கிற நொதியங்கள் பல, ஆறிக்கொண்டிருக்கும் சாதாரணப் புண்ணிலும் சுரக்கின்றன.

சைகை மங்கலென்றால் பதிலைக் கூர்மையாக்கலாம் அல்லவா? டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டலஸ் மருத்துவ மையத்தில் செய்த வேலை இங்கே முக்கியமானது. சாதாரணப் பொலிமர் ஒன்று முழுதாக மாற பீஎச்சில் இரண்டு அலகு வரை எடுக்கும். இவர்களுடையது கால் அலகுக்குள் மாறிவிடும். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கோடையில் மணல் அடைத்துக் கிடக்கும், மாரியில் வாவி நிரம்பிக்கொண்டே வரும், நாட்கணக்காக ஒன்றும் நடக்காது. ஒரு மட்டத்தைத் தாண்டி ஓரிடத்தில் வெட்டு விழுந்துவிட்டால், பாயும் தண்ணீரே மணலை அரித்து முழு வாயையும் திறந்துவிடும். பொலிமரிலும் அப்படித்தான். துகளில் நூற்றுக்கணக்கான அமைன் முனைகள் நெருங்கி இருக்கும். முதலில் சில முனைகள் ஐதரசனைப் பிடிக்கும்போது துகள் தளர்கிறது, தளர்ந்ததும் மற்ற முனைகளுக்குப் பிடிப்பது சுலபமாகிறது, கண நேரத்தில் எல்லாம் சேர்ந்து குலைகிறது.

அந்தப் பொலிமரில் முதலில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது கீமோ மருந்தை அல்ல, ஒளிரும் சாயத்தை. துகள் மூடியிருக்கும்போது சாயம் ஒளிராது, கட்டியில் குலைந்ததும் ஒளிரும். சத்திரசிகிச்சை செய்பவர் விசேட கமெராவில் கட்டியின் விளிம்பைப் பார்த்து வெட்டலாம். தலை-கழுத்து, மார்பு, பெருங்குடல், உணவுக்குழாய்ப் புற்றுநோயாளர்களிடம் இது ஒளிர்ந்தது 2020இல் வெளியானது. புத்திசாலித்தனமான தெரிவு என்றுதான் சொல்வேன். சாயம் தப்பான இடத்தில் ஒளிர்ந்தால் டொக்டர் பார்த்துத் தீர்மானிக்கலாம். நஞ்சான மருந்து தப்பான இடத்தில் திறந்தால் யாரும் அதைத் திருப்பி எடுக்க முடியாது.

உடம்பின் சைகையை நம்பாமல் வெளியிலிருந்து நாமே கொடுப்பது இன்னொரு வழி: வெப்பம், ஒளி, அல்ட்ராசவுண்ட், காந்தம். ஒளி இழையத்துக்குள் ஆழமாகப் போகாது, அண்மைச் சிவப்புக் கதிர்கூடச் சில சென்ரிமீற்றரில் மங்கிவிடும். வெப்பம்தான் அதிகம் ஆராயப்பட்டது. இதன் நாயகன் பொலி என்-ஐசோபுரொப்பைல்அக்ரிலமைட் என்ற பொலிமர். ஏறத்தாழ 32 பாகை செல்சியசுக்குக் கீழே தண்ணீரில் கரைந்திருக்கும், அதைத் தாண்டியதும் சங்கிலிகள் சுருண்டு தண்ணீரை வெளியே தள்ளிவிடும். குளிர்ந்தால் திரும்பக் கரையும். ஐரோப்பிய ஆய்வுகூடத்தில் 32 பாகை என்பது அறை வெப்பத்தைவிட நன்றாக மேலே இருக்கிற ஒரு புள்ளி. ஏறாவூரிலோ அக்கரைப்பற்றிலோ கச்சான் காற்று வீசும் மதியத்தில் பாமசித் தட்டில் இருக்கும் போத்தலே அதைத் தாண்டிவிடும். வேறு பொலிமர்களைக் கலந்து அந்தப் புள்ளியை 40 பாகைக்கு உயர்த்தலாம், உயர்த்தியும் இருக்கிறார்கள். ஆனாலும் நம் காலநிலையில் இப்படிப்பட்ட மருந்து என்றால் குளிர்சாதனப் பெட்டியும் தடையில்லாத மின்சாரமும் வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்டில் இதைச் சின்ன விடயமாக ஒதுக்க முடியாது.

வெப்பத்துக்குத் திறக்கும் மருந்துகளில் மிகத் தூரம் போனது தெர்மோடொக்ஸ். டொக்ஸில் போலவே கொழுப்பு உறை, ஆனால் 40 பாகையளவில் திறக்கக்கூடியது. ஈரல் புற்றுநோயை ஊசிமுனை வெப்பத்தால் சுடும்போது இதையும் ஏற்றி, சூடான இடத்தில் மருந்தைக் கொட்டச் செய்வது திட்டம். 701 நோயாளர்களோடு நடந்த பரிசோதனை 2013இல் இலக்கை எட்டவில்லை என்று அறிவித்தார்கள். சூடாக்கிய நேரம் சிலருக்குப் போதவில்லை என்று கருதி, குறைந்தது 45 நிமிடம் சூடாக்கி இரண்டாவது பரிசோதனை செய்தார்கள். அதுவும் 2020இல் பயனில்லை என்று முடிந்தது. சைகை தெளிவாக இருந்தும் தோற்ற கதை இது. மருந்து சரியான இடத்தில் திறப்பதும் நோயாளி கூடுதல் காலம் வாழ்வதும் ஒன்றல்ல. அந்த நோயாளர்களில் பலர் நம்பிக்கையோடு இரண்டு சிகிச்சையையும் தாங்கியவர்கள். தோல்வியை மறைக்காமல் வெளியிட்டதால்தான் அடுத்தவர்கள் அதே பாதையில் போகாமல் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு கணக்கு இருக்கிறது. பத்து ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து டொரன்டோ பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்டது: ஊசியில் ஏற்றும் நனோத்துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்வது நடுமதிப்பாக 0.7 சதவீதம். ஆயிரத்தில் ஏழு. மீதியில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. அந்நியத் துகளைப் பிடிப்பதுதானே அவற்றின் தொழில். அந்த எண்ணும் எலிகளில் எடுத்தது. எலிக்கு வைத்து வளர்க்கும் கட்டி அதன் உடம்போடு பார்க்கும்போது மிகப் பெரியது, வேகமாக வளர்வது, கசிவும் கூடியது. மனிதரில் கட்டிக்குக் கட்டி, ஆளுக்கு ஆள் மாறும். டொக்ஸில் கூட இதயத்தைக் காப்பாற்றியதில்தான் வென்றது. மார்புப் புற்றுநோயைக் கட்டுப்படுத்துவதில் பழைய டொக்ஸோரூபிசினை அது பெரிதாக முந்தவில்லை. என் கருத்தில் இதயத்தைக் காப்பாற்றியதே பெரிய வெற்றி.

இதையெல்லாம் விரிவாக எழுதக் காரணம் உண்டு. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இரவு பஸ்ஸில் போய்வரும் குடும்பங்களிடமிருந்து ‘இந்த நனோ மருந்து எங்கே கிடைக்கும்?’ என்ற கேள்வி வருகிறது. சிலர் அதை எதிர்பார்த்து அடுத்த கீமோவுக்குப் போகத் தயங்குகிறார்கள், அது மனதை வருத்துகிறது. செய்தியைப் பார்த்தால் எலியிலா மனிதரிலா என்று முதலில் தேடுங்கள். எலியில் என்றால் இன்று கிடைக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போட அது காரணமாகாது. கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள்.

புற்றுநோயைவிட நம் மாவட்டங்களில் கூடுதல் வீடுகளைத் தொடுவது சீனி வருத்தம். இங்கும் இதே யோசனை இருக்கிறது: குருதியில் சீனி கூடினால் மட்டும் இன்சுலினை விடும் பொருள். 1979இல் பிரவுன்லீ, செராமி இருவரும் முதன்முதலில் இதை முன்வைத்தார்கள். பின்னால் இரண்டு வழிகள் பிரபலமாயின. பீனைல்போரோனிக் அமிலத்தைப் பொலிமரில் வைத்தால் அது குளுக்கோசைப் பிடித்து மின்னேற்றம் மாறி வீங்கும். அல்லது குளுக்கோசை அமிலமாக்கும் நொதியத்தைத் துகளுக்குள் வைத்து, அந்த அமிலத்தால் துகளைக் குலைக்கலாம். ஸென் கூ என்பவரின் குழு 2015இல் எலிகளிலும் 2020இல் சிறு பன்றிகளிலும் இப்படிப்பட்ட தோல் ஒட்டுகளைக் காட்டியது. ஆனாலும் இன்னும் பாமசியில் வாங்க முடியாது. காரணம் அதே கணக்குத்தான். வெறும் வயிற்றில் 90, சாப்பாட்டுக்குப் பிறகு 300 என்றாலும் வித்தியாசம் மூன்று நான்கு மடங்குக்குள். அதற்குள் தேவையானபோது வேகமாகத் திறக்கவும், சீனி இறங்கியதும் உடனே மூடவும் வேண்டும். மூடத் தாமதித்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி ஆள் மயங்கிவிடுவார்.

இது வந்தால் நமக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை நோன்பு மாதத்தில் காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ சீனி வருத்தக்காரர் இருக்கும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். போட்ட இன்சுலின், விடிகாலைச் சாப்பாடான சஹர் முடிந்து நோன்பு திறக்கும்வரை பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாகச் சாப்பாடில்லாமல் உடம்பில் வேலை செய்கிறது. அளவை மாற்ற டொக்டரிடம் முன்கூட்டியே பேசாதவர்கள் பின்னேரத்தில் வியர்த்து விழுவது நடக்கிறது. படுவான்கரையில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் இன்சுலினை மண்பானையில் வைத்துக் காப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருகிற எந்தப் புதிய இன்சுலினும் அந்தப் பானையின் வெப்பத்தையும் தாங்க வேண்டும். இதைச் சொல்வதற்கு நம் பக்கத்து வைத்தியர்களும் பாமசிக்காரரும் ஆய்வு மேசைகளில் இருக்க வேண்டும்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் நமக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. வாவியிலும் கடலிலும் பிடிக்கும் இறால், நண்டின் ஓட்டிலிருந்து எடுக்கக்கூடிய கைட்டோசான் ஒரு பீஎச் உணரும் பொலிமர். ஓமிப்ரசோல் பூச்சுக்கு நேர் எதிர் நடத்தை அதற்கு: அமிலத்தில் கரையும், பீஎச் 6.5ஐத் தாண்டினால் திரண்டுவிடும். வினாகிரியில் கரைத்து, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, சோடியம் ஐதரொட்சைட்டில் சொட்டுச் சொட்டாக விட்டால் மணிமணியாகத் திரளும், பள்ளிக்கூட ஆய்வுகூடமே போதும். மருந்துக்குப் பயன்படுத்துவதென்றால் வேலை பல மடங்கு கூடும். ஒவ்வொரு தொகுதி ஓட்டிலும் சங்கிலியின் நீளம் மாறும், இறால் புரதம் எச்சமாக இருந்தால் ஒவ்வாமை வரும், பாரமான உலோகங்களையும் நீக்க வேண்டும். இந்த மூன்றையும் அளந்து கட்டுப்படுத்தும் ஆய்வுகூட வசதிதான் முதலில் தேவைப்படுகிறது.